நியூட்ரான் விண்மீனை அளக்க எக்ஸ்ரேயா, ஈர்ப்பலையா?

எம்.எஸ்ஸி. ப்ராஜெக்டுக்கு நியூட்ரான் விண்மீனின், அதாவது பெரிய விண்மீன் வெடித்தபின் மிஞ்சும் அடர்ந்த உருண்டையின், ஆரம் என்று முடிவாகிவிட்டது. எந்த வழியில் அளப்பது என்பதில்தான் இழுபறி. நிறையைப் பல பல்சார்களுக்கு (சுழன்றபடி துடிப்பாக ஒளி அனுப்பும் நியூட்ரான் விண்மீன்கள்) ரேடியோ தொலைநோக்கியே துல்லியமாகச் சொல்லிவிடும். ஆரமும் தெரிந்தால்தான், அணுக்கருவைவிட நெருக்கமாக அடைபட்ட பொருள் எவ்வளவு விறைப்பானது என்பது பிடிபடும்.

ஈர்ப்பலை, அதாவது வெளியே அதிர்ந்து பரவும் அலை, வழி அழகானது. 2017 ஆகஸ்ட் 17 அன்று லைகோ, விர்கோ என்ற ஈர்ப்பலைக் கருவிகளில் இரண்டு நியூட்ரான் விண்மீன்களின் மோதல் பதிவானது. மோதும் முன் இரண்டு விண்மீன்களும் ஒன்றையொன்று இழுத்து உருக்குலைக்கும். பெரிதாக இருந்தால் உருக்குலைவும் அதிகம். அதை வைத்துக் கிடைத்த ஆரம் சுமார் 11.9 கி.மீ., முன்பின் 1.4. ஆனால் மோதிய ஜோடி போனது போனதுதான். 2019 ஏப்ரலில் வந்த இன்னொன்று வெகு தூரம், சிக்னலும் மங்கல்.

நான் எடுத்தது எக்ஸ்ரே, அதாவது விண்வெளி நிலையத்தில் 2017 முதல் இருக்கும் நைசர் என்ற எக்ஸ்ரே தொலைநோக்கி. பல்சாரின் மேற்பரப்பில் உள்ள சூடான திட்டுகள் சுழலும்போது எக்ஸ்ரே வெளிச்சம் கூடிக் குறைவதை அது பார்க்கிறது. ராத்திரி மெரினாவில் கலங்கரை விளக்கத்தைப் பாருங்கள், விளக்கு அந்தப் பக்கம் திரும்பினால் நமக்கு இருட்டு. பல்சாரில் அப்படி நடக்காது. ஈர்ப்பு ஒளியை வளைப்பதால் பின்பக்கத்துச் சூடான திட்டும் எட்டிப் பார்க்கும். விண்மீன் எவ்வளவு இறுக்கமோ, வெளிச்சத்தின் ஏற்ற இறக்கம் அவ்வளவு குறைவு.

ஜே0030 என்ற பல்சார் விநாடிக்கு 205 சுற்று சுற்றுகிறது. 2019-ல் இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் கணக்கிட்டு 12.7, 13 கி.மீ. என்றன, கலங்கரை விளக்கத்திலிருந்து மீனம்பாக்கம் ஏர்போர்ட் வரை நேர்கோடு போட்டால் ஏறக்குறைய அவ்வளவுதான். 2024-ல் மறுபடி கணக்குப் போட்டபோது, திட்டின் வடிவத்தை எப்படி வைக்கிறோம் என்பதைப் பொறுத்து 11.7-ம் வந்தது, 14.4-ம் வந்தது!

“எங்களுக்கு இந்தத் திட்டுத் தொல்லையே கிடையாது தம்பி,” என்று ஈர்ப்பலை பக்கம் இருக்கும் சீனியர் அக்கா சிரித்தார். நியாயம்தான். ஆனால் ஜே0030 இன்னும் அங்கேயே சுற்றுகிறது. சந்தேகம் வந்தால் திரும்பப் பார்க்கலாம், இன்னொரு தொலைநோக்கியின் தரவையும் சேர்க்கலாம். 2023-ல் நைசருக்குள் சூரிய வெளிச்சம் கசிந்ததும் 2025 ஜனவரியில் விண்வெளி வீரர் ஒருவர் வெளியே போய் ஒட்டுப் போட்டார். திரும்பப் பார்க்கலாம், பழுதானால் சரிசெய்யலாம் என்ற இந்த ஒன்றே எனக்குப் போதுமாக இருந்தது.

ஈர்ப்பலைத் தரவை நான் கையால் தொட்டதில்லை, கருத்தரங்கில் கேட்டதோடு சரி. மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலியில் லைகோ இந்தியா கருவி வந்தபின் என் பேச்சு மாறலாம்.

இப்போதைக்கு, மூன்று நாள் ஓடிய என் கணக்கு நேற்று ராத்திரி கரண்ட் போனதில் அறுந்துவிட்டது. திட்டின் வடிவத்தை மாற்றி மறுபடி ஓடவிட்டிருக்கிறேன்.