ஜெர்சி கலப்பா, எச்.எஃப். கலப்பா: குமரியில் சின்னத் தொழுவத்துக்கு எது?

ஒன்றிரண்டு மாடு கட்டிப் பால் விற்க இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். எச்.எஃப். என்பது ஹோல்ஸ்டீன் ஃபிரீசியன். ஜெர்சி, எச்.எஃப். என்ற வெளிநாட்டு இனங்களை நம் மாட்டோடு சேர்த்துப் பிறந்தவைதான் இந்தக் கலப்பு மாடுகள். நான் வாங்கியது ஜெர்சி கலப்பு. இன்னொன்று வாங்கினாலும் அதுதான்.

பால் அளவில் எச்.எஃப். முந்தும், கொழுப்பில் ஜெர்சி. பால் சொசைட்டியில் கொழுப்பு பார்த்து விலை போடுவதால் வித்தியாசம் ஓரளவு சரியாகிவிடும். கேரளத்து வெச்சூர் மாதிரி குட்டை நாட்டு மாடு கொஞ்சம்தான் தின்னும். ஆனால் இரண்டு மூன்று லிட்டர் பாலில் வீட்டுத் தேவை தீரும், கடன் தீராது.

நம் ஊரில் முடிவு செய்வது தீனிதான். மாட்டுக்கு தினமும் அதன் எடையில் சுமார் 3 சதவீதம் உலர் பொருள், அதாவது ஈரம் போகத் தீவனத்தில் மிஞ்சுவது, வேண்டும். ஜெர்சி 350 கிலோ, எச்.எஃப். 450 கிலோ என்று வையுங்கள். கூடுதல் 100 கிலோவுக்கு 3 கிலோ உலர் பொருள். பச்சைப்புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் என்பதால், புல்லாகப் போட்டால் தினமும் சுமார் 15 கிலோ கூட அறுக்க வேண்டும். விளவங்கோடு, கல்குளம் பக்கம் ரப்பரும் தென்னையும் போக மிஞ்சுவது சில சென்ட். வெயில் விழும் இடத்தில் கோ-4 என்ற தீவனப் புல்லை 45 நாளுக்கு ஒருமுறை அறுக்கலாம். தென்னை நிழலில் அதே புல் மெலிந்து, தூர் கட்டாமல் நிற்கும். அங்கே கினியாப் புல்தான் தாங்கும்.

வைக்கோலும் லேசாகக் கிடைப்பதில்லை. இங்கே நெல் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம். கன்னிப்பூ வைக்கோல் மழையில் மாட்டினால் கறுத்து, பூஞ்சணம் பிடித்துவிடும். மாசி வெயிலில் காய்ந்த கும்பப்பூ வைக்கோலை வாங்கிப் போர் போட்டால்தான் மழைக்காலம் ஓடும். பெரிய மாடு அந்தப் போரைச் சீக்கிரம் காலி செய்துவிடும். கன்று போடுவதற்கு முந்தைய இரண்டு மாதம் பால் வற்ற விடுவோம். வரவே இல்லாத அந்த நாட்களிலும் தீனி நிற்காது. கையில் காசு குறைந்தவரை முறிப்பது அந்த இரண்டு மாதம்தான்.

எச்.எஃப். நான் வளர்த்ததில்லை, பார்த்தது மட்டும்தான். மாசி, பங்குனிப் புழுக்கத்தில் நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கிறது, பாலும் குறைகிறது. குலசேகரத்துக்கு மேலே, மலையடிவாரக் குளிர்ச்சியில் நல்ல புல்லும் தண்ணீரும் உள்ளவர்களுக்கு அது லாபமாக இருக்கலாம்.

எதை வாங்கினாலும் சாயங்காலம் ஒரு கறவை, மறுநாள் காலை ஒரு கறவை கூடவே நின்று பாருங்கள். ஒருவேளை கறக்காமல் விட்டு மடியைப் பெரிதாகக் காட்டும் தரகர்கள் உண்டு.