சேரவிருந்த கல்லூரி மூடியாச்சு: ராணி அண்ணாவா, சாரா டக்கரா?

திருநெல்வேலியிலிருக்கும் ராணி அண்ணா அரசு மகளிர் கல்லூரியில் செலவு குறைவு. ஆனால் இடம் ஆன்லைன் விண்ணப்பம், தரவரிசை, கலந்தாய்வு என்ற வழியில்தான். தேதி போயிருந்தால் கெஞ்சிப் பலனில்லை; காலியிடச் சுற்று வரும்வரை காத்திருக்க வேண்டும்.

பாளையங்கோட்டை சாரா டக்கர் 1895-இல் தொடங்கிய பழைய கல்லூரி. விண்ணப்பம் நேரே கல்லூரிக்கு. இங்கே கவுன்டரில் முதல் கேள்வி, "இந்த இடம் எய்டடா, செல்ஃபா?" (அரசு உதவி பெறும் இடமா, சுயநிதி இடமா) என்பதாக இருக்கட்டும். ஒரே பாடம் இரண்டிலும் இருந்தால் கட்டணம் வெகுவாக மாறும். ரசீதைப் பார்த்தபிறகு முழிப்பவர்கள்தான் அதிகம்.

முதலாண்டுச் சேர்க்கை என்றால் செலவுக்காக முதலில் ராணி அண்ணாவையே முயலலாம். மூடிய கல்லூரியில் படித்துக்கொண்டிருந்து நடுவில் மாறுபவர்கள் கதை வேறு. இரண்டுமே மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ்தான். ஆனால் சாரா டக்கர் தன்னாட்சிக் கல்லூரி, பாடத்திட்டம் தனி. முடித்த தாள்கள் பொருந்தாவிட்டால் விடுபட்டதை மறுபடி எழுதச் சொல்வார்கள். பணம் கட்டுமுன் செமஸ்டர்வாரிப் பாடப்பட்டியலைத் துறைத்தலைவரிடம் காட்டிவிடுங்கள்.

அப்படி மாறுபவர்கள் மூடிய கல்லூரியில் ஆபீஸ் திறந்திருக்கும்போதே டி.சி., நன்னடத்தைச் சான்று, அசல் மதிப்பெண் பட்டியல் மூன்றையும் கையில் வாங்கிவிட வேண்டும். புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய், தகுதியிருந்தால், எங்கு சேர்ந்தாலும் உண்டு.