பஸ் ஸ்டாண்டில் கடை எடுத்துத் தருகிறேன் என்பவரை நம்பாதீர்கள், 1,80,000 ரூபாய் போச்சு

காலையில் நகராட்சியில் விசாரித்துவிட்டு வந்த கையோடு எழுதுகிறேன். 1,80,000 ரூபாய். அப்பா குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்ட பணமும், வீட்டுக்காரம்மா வளையலை அடகு வைத்ததும் சேர்த்து.

தஞ்சாவூரில் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் பழைய பஸ் ஸ்டாண்டை இடித்துக் கட்டினார்கள் அல்லவா, அதே மாதிரி எங்கள் ஊரிலும் இடித்துக் கட்டுகிறார்கள். ஊர் நடுவில் நகராட்சி இடம். எந்தக் கட்சிக்காரருக்கு எத்தனை கடை என்று டீக்கடையில் தினமும் கணக்குப் போடுவார்கள். வெளியே பிளாட்பாரத்தில் வாழையிலை, வெற்றிலை விற்கிற எனக்கும் ஆசை வந்தது.

அப்போது வந்து சேர்ந்தார் ஒரு இடத் தரகர். பெயர் வேண்டாம். "ஏலமெல்லாம் கண்துடைப்பு தம்பி, மேலேயே பேசி முடிச்சாச்சு" என்றார். ஊரே அப்படித்தானே பேசுகிறது, நானும் நம்பினேன். வரைபடத்தை விரித்து, மூலை சுருளாமல் டீ கிளாஸை வைத்து, 14-ஆம் நம்பர் கடையைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டார். "தஞ்சாவூர் வண்டி நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே." அந்த வட்டத்துக்குள் என் கடை போர்டே எனக்குத் தெரிந்தது. மறுநாளே பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

அப்புறம் ஏழு மாதம் அவர் சொன்ன சாக்குகள்தான். ஆணையர் மாறிட்டார். மன்றக் கூட்டத்தில் வெளிநடப்பு, தீர்மானம் நிற்குது. தேர்தல் நடத்தை விதி. "அண்ணே, பணத்தையாவது கொடுங்க" என்றால், "உன் அவசரத்துக்கு அரசாங்கம் ஓடுமா?" போன வாரம் கேட்டதற்கு, "அது கட்சி நிதிக்குக் கொடுத்தது" என்றார்! எனக்கு எந்தக் கட்சியும் கிடையாது.

இன்று அறிவிப்புப் பலகையில் ஏல விளம்பரம் ஒட்டியிருக்கிறது. ஏலம் கேட்க முன்கூட்டிக் கட்டும் முன்வைப்புத் தொகைக்கு டிடி (வங்கி வரைவோலை) எடுத்தால் யாரும் கேட்கலாமாம். மொத்தம் 12 கடைகள். அவர் வட்டம் போட்ட இடத்தில் மின்சார பேனல் அறை.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், போலீஸ் ஸ்டேஷனுக்கு மறுபடி வரச் சொல்கிறார்கள். அதனால் சுருக்கமாக. டிடியை ஆணையர் பெயரில் எடுங்கள், தனியாள் கையில் கொடுக்காதீர்கள். வேறொருவர் பேரில் எடுத்து உள்வாடகைக்கு விடுகிறேன் என்றால் ஓடிவிடுங்கள். 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். வரைபடத்தை அப்படிக் கேட்டிருக்கலாம், எனக்குத் தோன்றவில்லை. ரொக்கமாகக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். 1,80,000 ரூபாய்க்கு என்னிடம் ஒரு துண்டுச் சீட்டு கூட இல்லை, ஸ்டேஷனில் முதல் கேள்வியே அதுதான்.