24 ஃபிரேமுக்கு 6,500 ரூபாய் போச்சு: பிக்சல் ஆர்ட் ஆர்டர் பண்றவங்க ‘அக்செப்ட்’ அழுத்துறதுக்கு முன்னாடி படிங்க

நேற்று ராத்திரி 6,500 ரூபாயை இழந்தேன். கோபம் இன்னும் அடங்கவில்லை. சொந்தமாக கேம் செய்து பழகுகிறவர்கள் யாரும் இதில் மாட்டக் கூடாது. ஃப்ரீலான்ஸ் ஓவியர்களைப் பிடித்துத் தரும் தளம் ஒன்றில் நடந்தது.

கேட்டது சின்ன வேலை. பிக்சல் ஆர்ட், அதாவது சின்னச் சதுரப் புள்ளிகளை ஒவ்வொன்றாக வைத்து வரையும் கேம் படம். 32-க்கு 32 பிக்சலில் ஒரு பையன், நான்கு திசை, திசைக்கு ஆறு ஃபிரேம் (அசைவின் ஒவ்வொரு படம்) நடை. 16 நிறத்துக்குள் ஒரே பேலட் (நிறத் தொகுப்பு). எல்லா ஃபிரேமையும் அடுக்கி 192-க்கு 128 அளவில் பிஎன்ஜி ஷீட், கூடவே லேயர் (தனித்தனி அடுக்கு) பிரித்த ஏஸ்பிரைட் ஃபைல், அது பிக்சல் ஆர்ட் வரையும் மென்பொருள். எல்லாம் ஆர்டரிலேயே எழுதிக் கொடுத்தது. பணம் தளத்தின் கையில் இருக்கும், நாம் ‘அக்செப்ட்’ கொடுத்தால்தான் வரைகிறவருக்குப் போகும்.

நம்பியது வரைகிறவர் காட்டிய ஒரு ஜிஃப்பை (அசையும் படம்) பார்த்து. பையன் நடக்கிறான், தலைமுடி குதிக்கிறது, கை வீச்சு அவ்வளவு அழகு. ஆனால் ஜிஃப் ஃபிரேமுக்கு 256 நிறத்துக்கு மேல் தாங்காது. மிச்ச நிறமெல்லாம் அதிலேயே நசுங்கிவிடும். மொபைல் திரையில் கட்டைவிரல் அளவுக்குப் பார்த்தால் எந்த ஓரமும் கூர்மையாகத்தான் தெரியும். ‘சார், அக்செப்ட் குடுத்தாத்தான் ஒரிஜினல் ஃபைல் டவுன்லோட் ஆகும், அது சைட் ரூல்’ என்று அவரிடமிருந்து மெசேஜ். அழுத்திவிட்டேன். அப்படி ஒரு ரூலே அந்தத் தளத்தில் கிடையாது.

வந்த ஷீட் 3072-க்கு 2048. 16 மடங்கு பெரிதாக்கியதாம். அப்படியென்றால் ஒவ்வொரு கட்டமும் (பழைய ஒரு பிக்சல்) 16 பிக்சல் சதுரமாக இருக்கணும். படம் திருத்தும் மென்பொருளான கிம்ப்பில் 800 சதவீதம் பெரிதாக்கி எண்ணினால் ஒரு கட்டம் 15, பக்கத்துக் கட்டம் 17, ஓரமெல்லாம் சாம்பல் மங்கல். ஒரே ஒரு ஃபிரேமை வெட்டி நிறத்தை எண்ணினால் 3,871! 32-க்கு 32 படத்தில் இருப்பதே 1,024 கட்டம்தான், கட்டத்துக்கு ஒரு நிறம் வைத்தாலும் அதைத் தாண்ட முடியாது. கையால் பிக்சல் வைத்து வரைந்ததே இல்லை, ஏஐ படம் என்பதுதான் என் முடிவு. மூன்றாவது ஃபிரேமில் இடது கண் இரண்டு பிக்சல் அகலம், நான்காவதில் மூன்று. ஊன்ற வேண்டிய கால் தரைக்கு இரண்டு பிக்சல் மேலே நிற்கிறது, பையன் மிதக்கிறான். ஏஸ்பிரைட் ஃபைலில் லேயர் ஒன்றே ஒன்று, அதே படத்தை ஒட்டி சேவ் பண்ணியது.

சுருக்கினால் சரியாகிவிடும் என்று சொல்லாதீர்கள். கட்டம் சீராக இல்லாததால், நியரஸ்ட் முறையில் (கலக்காமல், பக்கத்துப் புள்ளியின் நிறத்தை அப்படியே எடுப்பது) 16-ல் ஒரு பங்காகச் சுருக்கும்போது நிறம் எடுக்கும் புள்ளி அங்கங்கே ஓரத்தில் போய் விழும், கறுப்பு அவுட்லைன் அறுந்துவிடும். 24 ஃபிரேமையும் முதலிலிருந்து வரையணும். அதற்கா 6,500 ரூபாய்?

வரைந்தவரைக் கேட்டால் முதல் பதில், ‘உங்க என்ஜின் செட்டிங் தப்பு சார்.’ நான் கேம் செய்யும் என்ஜினான கோடோவில் டெக்ஸ்சர் ஃபில்டர் (படத்தைத் திரையில் காட்டும் முறை) லீனியரில், அதாவது பக்கத்து நிறங்களைக் கலக்கும் முறையில், இருந்தால் மங்கும், உண்மைதான். நான் வைத்திருப்பது நியரஸ்ட். அதோடு, என்ஜினுக்குள் போகாத ஃபைலே கிம்ப்பில் மங்கலாக இருக்கிறதே! ஸ்க்ரீன்ஷாட் அனுப்பியதும் ‘நம்ம ஸ்டைல் அப்படித்தான்’ என்றார். அதன்பின் பதிலே இல்லை. தளத்தின் உதவிப் பிரிவில் முதலில் தானாகப் பதில் சொல்லும் சாட்பாட், பிறகு ‘டிஜிட்டல் பொருளுக்கு ரீஃபண்ட் கிடையாது, நீங்களே ஏற்றுக்கொண்டீர்கள்’, டிக்கெட் க்ளோஸ். மறுபடி திறந்தேன், அதே வரி, ஒரு எழுத்துகூட மாறாமல். 6,500 ரூபாய், ஒரு மனுஷன்கூட ஃபைலைத் திறந்து பார்க்கவில்லை.

எப்படி ஆர்டர் பண்ணுவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. அவசரத்துக்கு இது மட்டும்: ஜிஃப்பை நம்பாதீங்க. பெரிதாக்காத பிஎன்ஜி ஒரு ஃபிரேமாவது முதலில் வாங்கி நிறத்தை எண்ணுங்க. லேயரை ஒவ்வொன்றாக அணைத்துக் காட்டும் ஸ்க்ரீன் ரெக்கார்டிங் கேளுங்க. முதலில் ஒரு திசை, ஆறு ஃபிரேமுக்கு மட்டும் ஆர்டர் போடுங்க. ஃபைலைத் திறந்து பார்க்கும்வரை அந்தப் பட்டனைத் தொடாதீங்க.