சாயும் அடிவானம்: தரையிலேயே சரிசெய்வதா, எடிட்டிங்கில் பார்த்துக்கொள்வதா?

மரக்காணம் உப்பளத்தில் ஒரு சின்ன வேலைக்காக விடியற்காலையில் ட்ரோன் பறக்கவிட்டேன். ட்ரோன்காரனுக்கு உப்பளம் மாதிரி இரக்கமில்லாத இடம் வேறில்லை. பாத்தி, வரப்பு, வாய்க்கால் எல்லாமே நேர்கோடு. மறைக்க மரமும் கிடையாது, மலையும் கிடையாது. கேமரா 1 டிகிரி சாய்ந்தால்கூடக் காட்டிக்கொடுத்துவிடும். 4கே ஃப்ரேமின் அகலம் 3840 பிக்சல். 1 டிகிரி சாய்வு என்றால் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் 67 பிக்சல் ஏற்றத்தாழ்வு. வீட்டுக்கு வந்து பெரிய திரையில் போட்டால், பாத்தித் தண்ணீர் மொத்தமும் வலப்பக்கமாக வழிந்துவிடும்போல இருந்தது.

சரிசெய்ய மூன்று வழி. கிம்பலை (கேமராவை ஆடாமல் தாங்கிப் பிடிக்கும் மோட்டார் கை) கேலிப்ரேஷன் செய்து, அதாவது எது மட்டம் என்று அதற்குப் புதிதாகச் சொல்லிக்கொடுத்துப் புறப்படுவது, எடிட்டிங்கில் சுழற்றி நிமிர்த்துவது, சர்வீஸ் கடையில் கொடுப்பது. நான் மூன்றையும் தொட்டுவிட்டேன். என் ஓட்டு முதலாவதற்கு.

எடிட்டிங் வழியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் கிளிப்பைத் தேர்ந்தெடுத்து, சுழற்சிக் கோணத்தில் ஒரு எண்ணைப் போட்டு, மூலைகளில் தெரியும் கறுப்பு மறையும் வரை ஜூம் செய்தால் வேலை முடிந்தது. அரை நிமிடம் ஆகாது. 16:9 ஃப்ரேமில் 1 டிகிரிக்குச் சுமார் 3 சதவீதம், 2 டிகிரிக்கு 6, 5 டிகிரிக்கு 15 சதவீதம் ஜூம் போகும். 4கேயில் எடுத்து 1080பியில் கொடுப்பவருக்கு இது ஒரு நஷ்டமே இல்லை. ஓரத்தில் ஒரு உப்புக் குவியலை வைத்து ஃப்ரேம் கட்டியிருந்தால் அது பாதியாக வெட்டுப்படும், அவ்வளவுதான்.

ஆனால் இதெல்லாம் சாய்வு முதலிலிருந்து கடைசிவரை ஒரே அளவாக இருந்தால்தான். முடிவெடுக்கும் இடமே இதுதான் என்பது எனக்கு அந்த உப்பளக் கிளிப்பில்தான் உறைத்தது. குவியல் ஒன்றைச் சுற்றிவரும் 40 வினாடி ஷாட். ஆரம்பத்தில் அடிவானம் நேராக இருக்கிறது. போகப்போக வலப்பக்கம் இறங்குகிறது. சுற்றை நிறுத்தியதும் மெல்ல மேலேறி வருகிறது. இதற்கு ஒரே எண் போதாது என்று கீஃப்ரேம் போட, அதாவது வெவ்வேறு நொடிக்கு வெவ்வேறு கோணம் குறித்துவைக்க ஆரம்பித்தேன். 11 கீஃப்ரேம், ஒரு மணி நேரம். ஓட்டிப் பார்த்தால் தோணியில் உட்கார்ந்து கரையைப் பார்ப்பதுபோல ஆடுகிறது. இரண்டு கீஃப்ரேமுக்கு நடுவே மென்பொருள் தன் கணக்குக்கு நிமிர்த்துகிறது, சாய்வோ தன் போக்கில் போகிறது. சாய்ந்த படத்தைக்கூடச் சகித்துக்கொள்ளலாம், ஆடுகிற படத்தைப் பார்க்க முடியாது.

ஏன் இப்படி அலைகிறது? கிம்பலுக்குக் 'கீழே எது' என்று சொல்வது அதன் சென்சார்கள். டவுன் பஸ் வளைவில் திரும்பும்போது நாம் வெளிப்பக்கம் சாய்கிறோமே, அதே இழுப்பு ட்ரோனுக்கும் உண்டு. 20 மீட்டர் ஆரத்தில் வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் சுற்றினால், அந்த இழுப்பு புவியீர்ப்போடு சேர்ந்து 'கீழே' என்பதையே 7 டிகிரி தள்ளிக் காட்டும். சுழற்சியை அளக்கும் கைரோ சென்சார் பெரும்பகுதியைத் தாங்கிப் பிடிக்கும். ஆனாலும் சுற்று நீள நீள ஒன்றிரண்டு டிகிரி ஒட்டிக்கொண்டுவிடும். இந்த அலையும் சாய்வைக் கேலிப்ரேஷனாலும் முழுதாகப் போக்க முடியாது. பறக்கவிடும் விதத்தில்தான் குறைக்க வேண்டும். அதாவது சுற்றைத் துண்டாக்குவது, நடுவில் பத்து வினாடி அந்தரத்தில் நிறுத்தி அது நிதானத்துக்கு வந்தபின் தொடர்வது, வேகத்தைக் குறைப்பது. எப்படிப் பார்த்தாலும் இது களத்து வேலை, மேசை வேலை அல்ல.

சரி, கேலிப்ரேஷனுக்கு வருவோம். அதிலும் நான் ஒரு மாதம் கோட்டைவிட்டேன். நாலைந்து முறை ஆட்டோ கேலிப்ரேஷன் செய்தும் சாய்வு போகவில்லை. சர்வீஸ் கடையில் பார்த்துவிட்டுக் கிம்பலையே மாற்ற வேண்டும் என்றார்கள். கிட்டத்தட்டச் சம்மதித்துவிட்டேன். அந்த வாரம் வீட்டில் பூச்சு வேலைக்கு வந்திருந்த கொத்தனார், நான் மொட்டை மாடியில் ட்ரோனை வைத்து மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு விசாரித்தார். மட்டமான இடத்தில் வைக்க வேண்டும் என்றேன். "மாடி மட்டமா இருந்தா மழைத்தண்ணி எங்க தம்பி போகும்?" என்றார். தன் ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்தார். குமிழி நடுவில் நிற்கவே இல்லை, ஒரு பக்கமாக ஒதுங்கிவிட்டது. தண்ணீர் ஓட வாட்டம் விட்டுத்தானே தளம் போடுவார்கள்! கூடத்து டைல்ஸில் ரசமட்டம் வைத்து இடம் பார்த்து, அங்கே ஒருமுறை கேலிப்ரேஷன் ஓடவிட்டேன். அந்தரத்தில் நிற்கும்போது இருந்த சாய்வு அதோடு போயிற்று. கார் பானட், பைக் சீட், மணல் எல்லாமே இதே கதைதான்.

கிம்பலை மாற்றவே கூடாது என்று சொல்லவில்லை. விழுந்து கை வளைந்திருந்தால் வேறு வழி கிடையாது. பணம் கட்டும் முன் ஒன்று பாருங்கள். காற்றில்லாத நேரத்தில் ட்ரோனை நிறுத்திப் பதிவு செய்து, மெதுவாக எதிர்த்திசைக்குத் திருப்புங்கள். இரண்டு திசையிலும் ஒரே அளவு, ஒரே ஓரம் தாழ்ந்திருந்தால் நிலையான சாய்வு. அதற்குக் கேலிப்ரேஷன் அல்லது ஆப்பில் உள்ள மேனுவல் திருத்தம் போதும். மேனுவல் திருத்தத்தில் ஒரு சிக்கல்: ஒரு நாள் போட்டது அடுத்த நாளும் அப்படியே இருக்கும், நாம்தான் மறந்துபோவோம்.

அடிவானத்தின் இரண்டு ஓரமும் சமமாகத் தொங்கினால் அது சாய்வே அல்ல, அகலக் கோண லென்ஸின் வளைவு. அதைச் சுழற்றாதீர்கள். மலையடிவாரத்தில் எடுத்ததென்றால் அடிவானத்தை நம்பவே வேண்டாம். ஃப்ரேமின் நடுவில் நிற்கும் விளக்குக் கம்பமோ கோபுரமோ செங்குத்தாக இருக்கிறதா என்று பாருங்கள்.

கண்ணாடி மாட்டிக்கொண்டு ட்ரோனின் பார்வையிலேயே ஓட்டும் எஃப்பிவி ட்ரோன்களில் கணக்கு மாறும். டிஜேஐ அவாட்டா போன்றவற்றில் கிம்பல் ஒரே அச்சில்தான் அசையும், பக்கவாட்டுச் சாய்வை மென்பொருள்தான் பார்த்துக்கொள்கிறது. கைரோ தரவையும் சேர்த்துப் பதியும் கேமரா என்றால் கைரோஃப்ளோ என்ற இலவச மென்பொருள் அடிவானத்தைப் பூட்டியே கொடுத்துவிடும், கீஃப்ரேம் தொல்லை இல்லை. நண்பனுடைய ட்ரோனில் இரண்டு கிளிப்தான் ஓட்டிப் பார்த்தேன், நன்றாகவே வந்தது. அந்த வகை வைத்திருப்பவர்கள் மேசைப் பக்கம் சாய்ந்தால் நான் சண்டைக்கு வர மாட்டேன்.

மரக்காணம் ஷாட்டை மூன்றாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரே ஒரு கோணம் கொடுத்து, நடுவில் உப்பு வாரும் பலகையின் நெருக்கக் காட்சியைச் செருகி ஒப்பேற்றினேன். வாடிக்கையாளர் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் ஒரு சின்ன ரசமட்டம் வாங்கி ட்ரோன் பையில், உதிரி விசிறிகளோடு போட்டு வைத்திருக்கிறேன்.