ஹுமீயா மொனஸ்த்ரெல்: பெங்களூரு மட்டனோடு எப்படி?

காரக் கறிக்குக் கனத்த சிவப்பு ஒயின் என்று பெங்களூரில் பலரும் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்கிறார்கள். ஸ்பெயினின் ஹுமீயா வட்டாரத்துச் சிவப்பு ஒயினான மொனஸ்த்ரெல்லுக்கு அது பாதிதான் பொருந்தும். கறி சரி, காரம்தான் வில்லங்கம்.

ஹுமீயா ஸ்பெயினின் தென்கிழக்கே, முர்சியா வட்டாரத்து வறண்ட மேட்டு நிலம். சுண்ணாம்பு மண், ஆண்டுக்குச் சுமார் 300 மி.மீ. மழை. பிரான்சில் மூர்வெத்ர் என்று அழைக்கப்படும் அதே தடித்த தோல் திராட்சைதான் இங்கே மொனஸ்த்ரெல். வெயிலில் சர்க்கரை ஏறிப் பழுப்பதால் 14.5, 15 சதவீத ஆல்கஹால் சாதாரணம். லேபிளில் 'கிரியான்சா' என்றிருந்தால் 24 மாதமாவது முதிர வைத்தது, அதில் குறைந்தது 6 மாதம் ஓக் பீப்பாயில். மட்டனுக்கு அதையே எடுங்கள்.

நிறம் நாவற்பழச் சாறு. மணத்தில் கரும்பழங்கள், உலர்ந்த அத்தி, கொஞ்சம் அதிமதுரம், பின்னால் தோல்செருப்பு வாடை. நாக்கில் முதலில் பழம், பிறகு பாக்கு மென்றதுபோல ஈறைப் பிடிக்கும் துவர்ப்பு. புளிப்பு குறைவு, இந்த ரகத்தின் பலவீனம் அதுதான்.

திறந்ததும் அவித்த முட்டையோ ரப்பரோ போல நாறினால் பயப்பட வேண்டாம். மொனஸ்த்ரெல்லுக்கு அந்தக் குணம் உண்டு. அகலமான ஜாடியில் ஊற்றி முக்கால் மணி நேரம் காற்றாட விட்டால் போய்விடும். ஈர அட்டைப்பெட்டி வாசம் அப்படியல்ல, நேரம் ஆக ஆகக் கூடும். அது கார்க் கெட்ட பாட்டில், கடையில் திருப்பிக் கொடுங்கள்.

அறை வெப்பத்தில் பரிமாறு என்பது குளிர்நாட்டு வீடுகளுக்கான பேச்சு. ஏப்ரல் மாத பெங்களூரு வீட்டில் 28 டிகிரியில் இதை ஊற்றினால் பழ வாசம் அமுங்கி, பிராந்திபோல மூக்கில் ஏறும். ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்து 16, 17 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். ராத்திரி முழுக்க வைத்தால் துவர்ப்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும்.

இனி சாப்பாடு. மிளகாய்க் காரம் நாக்கின் எந்த உணர்விகளைத் தூண்டுகிறதோ அவற்றையே ஆல்கஹாலும் சீண்டுகிறது. அதனால் ஆந்திரா மெஸ் சில்லி சிக்கனோடு இந்த 15 சதவீதம் சேர்ந்தால் வாய் பற்றி எரியும், ஒயினின் ருசியே தெரியாது. மிளகு தூக்கலான மட்டன் சுக்கா அருமை. துவர்ப்பைத் தருவது டானின். அது எச்சிலின் புரதத்தைப் பிடித்து வாயை உலர்த்தும். கறியின் புரதமும் கொழுப்பும் உப்பும் வந்ததும் அந்தப் பிடி தளர்கிறது. சிவாஜிநகர் சீக் கபாபும் இதே கணக்கில் தேறும், பச்சைச் சட்னியை ஒதுக்கிவிட்டால். தொன்னை பிரியாணி சுமார்தான்: புதினாவும் பச்சை மிளகாயும் பழ வாசத்தை மறைத்துவிடும்.

ஹுமீயாக்காரர்களின் சொந்தச் சாப்பாடு, முயல்கறிக் குழம்பில் புளிக்காத மாவு ரொட்டியைப் பிய்த்துப் போட்டு ஊறவிடும் காஸ்பாச்சோ. அதே பெயருள்ள தக்காளிக் குளிர் சூப்பும் இதுவும் வேறு வேறு. நம் ஊரில் இதற்கு அண்ணன் தம்பி, கறி சால்னாவில் ஊறிய பரோட்டா. அரை டம்ளர் தேங்காய்ப் பால் விட்டு, மிளகாயைப் பாதியாக்கிச் செய்தால் இந்த ஒயினுக்கு அதைவிடப் பொருத்தமான தட்டு இல்லை.

மீன் வேண்டாம். சிவப்பு ஒயினின் இரும்பு மீன் எண்ணெயோடு சேர்ந்து கவிச்சியைக் கிளப்பும். இனிப்பும் வேண்டாம், ஒயின் கசக்கும். சைவர்களுக்குப் புளி சேர்க்காத எண்ணெய்க் கத்திரிக்காயோ காளான் மிளகு வறுவலோ.

வாங்கும்போது கார்க் விளிம்புக்கு மேல் தள்ளியிருந்தாலோ, பாட்டில் கழுத்து உறைக்கடியில் கசிவுக் கறை தெரிந்தாலோ, கோடைச் சூட்டில் கிடந்த பாட்டிலாக இருக்கும், வைத்துவிடுங்கள். மிச்சமானதை 375 மி.லி. பாட்டிலில் விளிம்புவரை நிரப்பி, மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும்.