கமா போட்டதுக்கு 38,500 ரூபாயா?

இன்று காலை வந்த ஒரு வாட்ஸ்அப் செய்தியின் சூட்டோடு எழுதுகிறேன். சிறார் கதை, இளையோர் நாவல் எடிட் செய்பவர்களும் இந்த வேலைக்குப் புதிதாக வர நினைப்பவர்களும் படித்துவிடுங்கள். வேலையை வாங்கிக்கொண்டு பணம் தராதவர்களிடமிருந்து எப்படித் தப்பிக்கலாம் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

பெயர் வேண்டாம். வருஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு புத்தகம் போட்டு, கண்காட்சியில் ஒற்றை ஸ்டால் எடுக்கும் சின்னப் பதிப்பகம். அக்டோபர் கடைசியில் எடிட் செய்யக் கூப்பிட்டார்கள். சிறார் கதைகள் இரண்டு, தலா 6,000 சொல். இளையோர் நாவல் ஒன்று, 48,000 சொல். சொல்லுக்கு 70 பைசா வீதம் 42,000 ரூபாய். முன்பணம் என்று 3,500 வந்தது. மீதி 38,500.

ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கத்தான் நேரில் போனேன். உரிமையாளர் ஃபில்டர் காபி வரவழைத்தார். சின்ன வயதில் வாடகை நூலகத்தில் காமிக்ஸுக்காகக் காத்துக்கிடந்த கதையைச் சொன்னார். “நம்ம பிள்ளைங்களுக்குத் தமிழ்ல படிக்க என்னம்மா இருக்கு? நாமதானே செஞ்சு தரணும்” என்றபோது அவருக்குக் கண் கலங்கியிருந்தது. அந்த ‘நாம’வில் விழுந்தேன். பையிலிருந்த தாளை வெளியே எடுக்கவே கூச்சமாகிவிட்டது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நாவல் பழைய எழுத்துருவில் வந்தது. யூனிகோடுக்கு மாற்றினால் கொம்பெல்லாம் எழுத்தை விட்டுத் தனியே நிற்கிறது. அதை நேராக்கவே இரண்டு நாள். நான்காம் அத்தியாயத்தில் செத்துப்போன தாத்தா, பதினொன்றாம் அத்தியாயத்தில் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போடுகிறார். எட்டாம் வகுப்புப் பெண் தன் தோழியிடம் ‘ஆயினும் நான் வருந்தவில்லை’ என்கிறாள். ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்கான கதையில் 31 சொல்லில் ஒரு வாக்கியம்! மூன்றாக உடைத்தேன். சந்திப்பிழை பார்ப்பதெல்லாம் இதற்கு அப்புறம்தான். டிசம்பர் 18 இரவு எல்லாவற்றையும் அனுப்பி முடித்தேன்.

ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் மூன்று புத்தகமும் அடுக்கியிருந்தன. பணம்? “கண்காட்சி முடியட்டும்மா.” முடிந்தது. “அக்கவுண்டன்ட் ஊருக்குப் போயிருக்கார்.” அவர் வந்தார். “நூலக ஆர்டர் வந்ததும் முதல் செக் உங்களுக்குத்தான்.” மார்ச்சில், என் கூலியில் டி.டி.எஸ். வரி பிடித்து அரசுக்குக் கட்டியாயிற்று, மீதி இன்றோ நாளையோ வந்துவிடும் என்றார்கள். சரி, வரியே கட்டிவிட்டார்களே என்று நம்பி உட்கார்ந்திருந்தேன். இந்த ஜூனில், என் பெயரில் யார் யார் வரி கட்டினார்கள் என்று காட்டும் 26ஏஎஸ் படிவத்தை எடுத்துப் பார்த்தால் அவர்கள் பெயரில் ஒரு பைசா இல்லை.

அதைக் கேட்டதற்குத்தான் இன்று காலை பதில்: “கமா போட்டதுக்கு 38,500 ரூபாயா? எழுத்தாளருக்கே நாங்க அவ்வளவு குடுக்கலை.” இரண்டாவது வாக்கியத்தை என்ன பெருமையோடு எழுதியிருக்கிறார், பாருங்கள். 38,500. என் வீட்டுக்கு மூன்று மாத வாடகை. திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. நீல டிக் மட்டும் விழுகிறது.

விரிவாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், மனசு ஓடவில்லை. பாதிப் பணம் கைக்கு வராமல் ஃபைலைத் திறக்காதீர்கள். நாவல் என்றால் கடைசி நாலைந்து அத்தியாயத்தைப் பணம் வந்த பிறகு அனுப்புங்கள். கூச்சமாக இருந்தால் ஒப்பந்தத்துக்குப் பதில் ஒரு மின்னஞ்சலாவது போட்டு, ‘சம்மதம்’ என்று பதில் வாங்குங்கள். அப்புறம், உத்யம் பதிவு, அதாவது சிறுதொழில் செய்கிறவர் என்று அரசிடம் பதிந்துகொள்வது. இலவசம்தான். அது இருந்தால், வேலை வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் சிறு, குறு தொழில் சட்டம் சொல்கிறது. தராவிட்டால் அரசிடம் இணையத்திலேயே புகார் கொடுக்கலாம். ஆனால் வேலைக்கு முன்பே பதிந்திருக்க வேண்டும். நான் பதிந்தது போன வாரம்.